எழினிக்குப் பின் நின்றார் பெற்ற சிறப்பு

1. தோற்றுவாய்

திருக்குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தப்பெருமான் செம்பினாலோ கல்லினாலோ அன்றி ஓவியத்தால் ஆகிய திருமேனியோடு ஆடுகின்றான். அவன் ஆடும் ஐந்து மன்றங்களுள் அதுவும் ஒன்று. அங்குச் செல்வோர் ஆடலைத் தொழுவர்; அதனை எழுதிய கையை நினைப்பார் அரியர். அவ்வூர்மேற் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்கச் சொக்கநாதரிடம் நிலம் பரிசிலாகப் பெற்றார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. பாடிய புலவர் பெயரும் அவர் பெற்ற பரிசிலும் நிலைத்தன. அந்நாடகத்தை ஆடுவித்தார், முழவிசைத்தார், ஒப்பனை செய்தார் ஆகியோர் அப்பரிசிற் செய்தியுள் இடம்பெற்றிலர்.

குற்றாலத்திற்கு அணித்தாகிய செங்கோட்டையும் இத்தகைய செய்தி ஒன்றனை நமக்குத் தருகின்றது. முன்னர்த் திருவிதாங்கூர் அரசிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளிற் சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூர், தமிழ் நாடக மேடைக்கு எஸ். ஜி. கிட்டப்பாவை (1906–1933) அளித்தது. அவர் தம் ஊரின் பெயரையே தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கினார். 27 ஆண்டுகளே வாழ்ந்தாராயினும், அவர்தம் குரல் இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கின்றது. ஆனால், அவர் பாடிய மேடைக்குத் திரை எழுதியவர் யார், விளக்கமைத்தவர் யார், அரிதாரம் பூசியவர் யார் என வினவின், நம் நாடக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வாய் திறவா.

இன்று தொலைக்காட்சித் தொடர் ஒன்றன் பின்னே ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், கலை இயக்குநர், ஒப்பனையாளர், பின்னணிக் குரல் தருவோர் எனப் பலர் உழைக்கின்றனர். அவர்தம் தொழிற்றிறத்திற்கெனத் தனி விருதுகளும் வழங்கப்பெறுகின்றன. இவ்வழக்கம் முழுவதும் மேனாட்டிலிருந்து வந்த புதுவரவு என்று கருதுவார் உளர். அக்கருத்து ஒரு பாதியே உண்மையாகும். திரைக்குப் பின் நின்றாரைச் சிறப்பிக்கும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. அந்நெறி இடையிடையே அறுந்துபோனமையே வரலாறு. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு முன் ஒன்று தெளிதல் வேண்டும். விருது என்று நாம் இன்று வழங்கும் ஒன்றனுள் மூன்று கூறுகள் உள. முதலாவது பொருட்கொடை, இரண்டாவது பட்டம், மூன்றாவது பெயர்ப்பதிவு. இன்னார் இன்ன தொழில் செய்தார் என்று நிலைபெற எழுதி வைத்தலையே ஈண்டுப் பெயர்ப்பதிவு என்கின்றோம். இம்மூன்றும் எப்பொழுதும் ஒருங்கே அமைவதில்லை. எக்காலத்து எது அமைந்தது, எது அமையவில்லை என்று காண்பதே நாம் மேற்கொள்ளும் அளவுகோலாகும்.

2. அரங்கேற்று காதை: இலக்கணம் உண்டு, பெயர் இல்லை

மேடைத் தொழிலைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய விரிவான சான்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையாகும். மாதவியின் ஆடலைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், ஆடலுக்கு முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவர்தம் இலக்கணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துரைக்கின்றார். அதன்பின் அரங்கின் அளவு கூறப்படுகின்றது. 24 விரல் அளவினதாகிய கோலால் அளந்து, அகலம் 7 கோலும் நீளம் 8 கோலும் உயரம் 1 கோலுமாக அரங்கு அமைக்கப்படுகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் உள. தூணின் நிழல் ஆடுமிடத்து விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்படுகின்றன.

இவ்விறுதிச் செய்தி தனியே நோக்கத்தக்கது. இன்றைய தொலைக்காட்சிப் படப்பிடிப்பு அரங்கில், விளக்குகளை மேலே கட்டித் தொங்கவிட்டு, ஒலிவாங்கியின் நிழல் நடிப்பவர் முகத்திலோ பின்சுவரிலோ விழாதவாறு காப்பது ஒளியமைப்பாளரின் முதற்கடமையாகும். பூம்புகார் அரங்கில் விளக்கு நிறுத்தியவன் எதிர்கொண்ட இடர்ப்பாடும் அதுவே. அவ்வாறே, தண்ணுமையோன் பிற கருவிகளின் குறைவை நிரப்பியும் மிகையை அடக்கியும் வாசித்தல் வேண்டும் என்னும் கருத்து, பல ஒலிகளைக் கலந்து அளவுபடுத்தும் இன்றைய ஒலிக்கலவையாளர்க்கும் பொருந்துவதாகும்.

இத்துணை நுட்பமாகத் தொழிலைக் கண்ட காப்பியத்துள் பரிசில் யார்க்குச் சென்றது? மன்னனிடம் தலைக்கோற் பட்டமும் மாலையும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றவள் மாதவி ஒருத்தியே. அறுவர்க்கும் இலக்கணம் உண்டு, பரிசில் இல்லை. அதனினும் வியப்பானது, அவ்வறுவருள் ஒருவர்க்கும் காப்பியம் பெயர் கூறவில்லை என்பதாகும். அரங்கமைத்த நூல்வல்லாரும் பெயரிலரே.

இதனை அடிகளின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு தொழிலின் இலக்கணத்தை வகுப்பவர் தனியொருவரைக் கூறாது அத்தொழிலோர் அனைவர்க்கும் பொதுவாகக் கூறுதல் முறையே. எனினும் வரலாற்று மாணவர்க்கு இதனால் விளங்கும் உண்மை ஒன்று உளது. தொழிலை மதித்தல் வேறு. தொழிலாளன் பெயரை மதித்தல் வேறு. முன்னது நிறைந்த இடத்தும் பின்னது இல்லாதிருத்தல் கூடும்.

3. பரிபாடற் குறிப்புகள்: பெயர் உண்டு, பரிசில் இல்லை

இதற்கு மறுதலையான சான்று பரிபாடலில் உளது. இன்று முழுமையாகக் கிடைத்துள்ள பரிபாடல்கள் 22. அவற்றுட் பெரும்பாலனவற்றின் இறுதியில், பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்னும் குறிப்புக் காணப்படுகின்றது. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார், பித்தாமத்தர் முதலியோர் இசை வகுத்தவராகக் குறிக்கப்படுகின்றனர். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்முறையே நூலின் அடைவும் அமைந்துள்ளது.

தொகை நூல்களுள் இவ்வாறு இசை வகுத்தாரையும் புலவரோடு உடன் வைத்து எழுதியது பரிபாடலின் தனிச்சிறப்பாகும். இந்நாளைத் திரைப்படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்நிரலோடு இதனை ஒப்பிடலாம். மன்னன் இவர்க்கு என்ன வழங்கினான் என்று அக்குறிப்புக் கூறவில்லை. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பொன்னையும் நாட்டையும் எண்ணி உரைப்பதுபோல இவை உரைப்பதில்லை. பொருளும் பட்டமும் இன்றிப் பெயர் மட்டுமே நின்றது. ஆயினும் அவ்வொன்றே போதுமானதாயிற்று. அவர் வகுத்த இசை இன்று நம் செவிக்கு எட்டவில்லை. அவர் பெயர் எட்டியது. அக்குறிப்பை எழுதிச் சேர்த்த தொகுப்பாளர் ஒருவரின் கடமையுணர்ச்சியே அவர்தம் தொழிலுக்குக் கிடைத்த நிலைத்த விருது எனலாம்.

4. தஞ்சைக் கல்வெட்டுகள்: மூன்றும் ஒருங்கமைந்த காலம்

பொருட்கொடை, பட்டம், பெயர்ப்பதிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த காலம் சோழப் பேரரசின் காலமாகும். தஞ்சை இராசராசேச்சுரத்தில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறித்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லாகிய ஒரு பங்கும் வகுக்கின்றது. அது அவரோடு நின்றுவிடவில்லை. நட்டுவர், பாடுவார், பல்வகைக் கருவி இசைப்பார், விளக்கிடுவார், குடைபிடிப்பார், குயவர், வண்ணத்தார், தச்சர், தையார், மணி கோத்துத் தைப்பார் ஆகியோர்க்கும் உரிய பங்குகளை வரையறுக்கின்றது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவர்க்கு அணுக்கராயினார் அப்பணியைச் செய்து பங்கு பெறுதல் வேண்டும். அவர் அதற்குத் தகுதியிலராயின் தகுதியுடையாரை அமர்த்துதல் வேண்டும் என்பதும் அதன்கண் காணும் முறையாகும். உரிமையும் தகுதியும் ஒருங்கே காக்கப்பட்டமை இதனாற் புலனாகும்.

பட்டத்திற்கும் சான்று உண்டு. அக்கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகின்றது. தச்சன் ஒருவன் பேரரசனின் பெயரையே தன் பட்டத்தின் முன்மொழியாகத் தாங்கினான். இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இராசராசேச்சுர நாடகம் ஆடுவித்தற்குச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்கப்பெற்றதனைக் கூறுகின்றது. இவனும் அரசன் பெயரால் அமைந்த பட்டம் உடையவன். அந்நாடகத்தின் பனுவல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. நாடகம் மறைந்தது; அதனை ஆடுவித்தவன் பெயர் கல்லில் நிற்கின்றது. பெயர்ப்பதிவின் ஆற்றலை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

5. நாடகக் குழுக்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாடகம் கோயிலை விட்டுக் கொட்டகைக்கு வந்தது. நெல்லளந்த அரசனுக்கு மாற்றாகச் சீட்டு வாங்கும் பொதுமக்கள் புரவலராயினர். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். கன்னையா குழுவினரும், நவாபு இராசமாணிக்கத்தின் குழுவினரும் வியத்தகு காட்சியமைப்புகளாற் பெயர் பெற்றனர். கன்னையா குழுவின் தசாவதாரம் போன்ற நாடகங்களில் கிட்டப்பாவின் பாட்டோடு காட்சிகளின் பொலிவும் மக்களை ஈர்த்தது.

எனினும், சீட்டு விற்பனை முகத்தையும் குரலையும் நம்பி நிற்பது. ஆதலின் விளம்பரத் தாள்களிற் பெரிய எழுத்துப் பெற்றவர் இராசபார்ட்டு நடிகரே. திரை எழுதியவரும் தந்திரக் காட்சி அமைத்தவரும் குழு முதல்வரின் பெயருக்குள் மறைந்தனர். காட்சி புகழ்பெற்றது, அதன் புகழ் ‘கன்னையா காட்சி’ என்று முதல்வர் பெயரால் வழங்கிற்று. தஞ்சைக் கல்வெட்டு விளக்கிடுவாரையும் ஒரு பங்கினர் என்று எண்ணிய நெறி இங்கு அறுந்தது. இதனைக் குழு முதல்வர்களின் கொடுமை என்று கூறுதல் தகாது. அவர்களுட் பலர் கடனாலும் நோயாலும் நலிந்தவர்கள். புரவு முறை மாறியபோது பதிவு முறையும் மாறியது என்பதே பொருந்தும் முடிபாகும்.

6. விருதாக மீண்ட நெறி

அறுந்த இந்நெறி திரைப்படத்தின் வாயிலாகவும் பின்னர்த் தொலைக்காட்சியின் வாயிலாகவும் மீண்டது. அமெரிக்கத் திரைப்பட அகாடமி 1929ஆம் ஆண்டு வழங்கிய முதல் விருதுகளிலேயே ஒளிப்பதிவிற்கும் கலையமைப்பிற்கும் இடமிருந்தது. தொலைக்காட்சிக்கென ஏற்பட்ட எம்மி விருது 1949ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் முதன்முதல் வழங்கப்பெற்றது. அதன் பெயர் நடிகர் எவரிடத்தினின்றும் வந்ததன்று. அக்காலத் தொலைக்காட்சிப் படக்கருவியின் உள்ளுறுப்பாகிய இமேசு ஆர்த்திகான் குழாயைத் தொழிலாளர் ‘இம்மி’ என்று செல்லமாக அழைத்தனர். அச்சொல்லே திரிந்து எம்மி ஆயிற்று. அதன் படிமத்தை வடித்தவர் லூயி மக்மேனசு என்னும் தொலைக்காட்சிப் பொறியாளர். 47 வரைவுகள் தள்ளப்பட்டபின் அவர்தம் வரைவு ஏற்கப்பட்டது. சிறகுடைய பெண்ணொருத்தி அணுவொன்றை ஏந்தி நிற்கின்றாள். சிறகு கலையையும் அணு அறிவியலையும் குறிப்பன. கருவியின் பெயரால், பொறியாளர் கையால் உருவான விருது இது. தொலைக்காட்சி தன் பிறப்பிலேயே திரைக்குப் பின் நின்றாரை மறவாதிருந்தமைக்கு இது சான்றாகும்.

ஆயினும் அம்மதிப்பு முழுமையுடையது அன்று. எம்மி விருதுகளுள் தொழிற்கலைகளுக்குரியவை பெருவிழாவினின்று பிரிந்து வேறு நாளில் வழங்கப்பெறுகின்றன. பிரித்தானிய அகாடமியும் தொலைக்காட்சித் தொழிற்கலை விருதுகளை 2000ஆம் ஆண்டு முதல் தனிவிழாவாக நடத்துகின்றது. 2022ஆம் ஆண்டு ஆசுகர் விழாவில், படத்தொகுப்பு, ஒலி, ஒப்பனை முதலிய 8 பிரிவுகளின் விருதுகள் நேரடி ஒளிபரப்புத் தொடங்குமுன் வழங்கப்பெற்றன. தொழிலோர் எதிர்ப்பு எழுந்தமையின் மறு ஆண்டு அவை மீண்டும் ஒளிபரப்பிற்குள் வந்தன. தனிவிழாவால் நன்மையும் உண்டு. பலர்க்கு இடம் கிடைக்கின்றது. ஆனால் எழினிக்குப் பின் நின்றாரைச் சிறப்பிக்கும் விழாவும் ஓர் எழினிக்குப் பின்னேயே நிகழும் நிலை ஏற்படுகின்றது.

7. நம் நாட்டு நிலை

இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954ஆம் ஆண்டு தொடங்கின. தொடக்கத்திற் படங்களே சிறப்புப் பெற்றன. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் முதலாக நடிப்பு, ஒளிப்பதிவு முதலியவற்றிற்குத் தனியார்க்கு விருது வழங்கப்பெற்றது. ஒலிப்பதிவிற்கும் படத்தொகுப்பிற்கும் 1976ஆம் ஆண்டுப் படங்கள் முதலும், ஒப்பனைக்கு 2006ஆம் ஆண்டுப் படங்கள் முதலும் விருதுகள் ஏற்பட்டன. மேடைத் தொழில்களுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்றாகிய ஒப்பனை, ஒளிப்பதிவிற்கு 39 ஆண்டு பிற்பட்டே ஏற்கப்பட்டமை நோக்கத்தக்கது.

தமிழ்க் கலைத்தொழிலார் இவ்விருதுகளாற் பெயர்ப்பதிவு பெற்றனர். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்திற்காக ஒளிப்பதிவாளர் அசோக்குமாரும் ஒலிப்பதிவாளர் எஸ். பி. இராமநாதனும், ‘நாயகன்’ (1987) படத்திற்காக ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமும் கலை இயக்குநர் தோட்டா தரணியும் தேசிய விருது பெற்றனர். செங்கோட்டைக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. கிட்டப்பாவின் துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் ‘துணைவன்’ (1969) படத்திற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருது பெற்றார். கிட்டப்பா மறைந்து 36 ஆண்டுகட்குப்பின் வந்த படம் அது. செங்கோட்டையிலிருந்து மலை கடந்து மேற்கே செல்லின் வருவது கொல்லம் மாவட்டம். அங்குள்ள விளக்குப்பாறை என்னும் சிற்றூரிற் பிறந்த இரசூல் பூக்குட்டி, 2009ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள், வேறு இருவரோடு ஒலிக்கலவைக்கான ஆசுகர் விருது பெற்றார்.

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு 1975ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 15ஆம் நாள் சென்னை நிலையம் தொடங்கியதனோடு தொடங்குவது. தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளோடு சின்னத்திரை விருதுகளையும் ஏற்படுத்தி, நடிப்போரோடு ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் முதலியோரையும் அவற்றுள் அடக்கியது. அரசின் திரைப்பட விருதுப் பட்டியலில் ஒப்பனைக் கலைஞரும் தையற்கலைஞரும் பின்னணிக் குரல் தருவோரும் இடம்பெறுகின்றனர். தஞ்சைக் கல்வெட்டில் தையானைக் கண்ட நாம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்குப்பின் அவனை அரசின் பட்டியலில் மீண்டும் காண்கின்றோம்.

ஆனால், இங்குக் காலத்தாழ்வு என்னும் குறை புகுந்தது. 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகட்குரிய சின்னத்திரை விருதுகள் 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் சென்னைக் கலைவாணர் அரங்கில் வழங்கப்பெற்றன. முற்பட்ட ஆண்டினர்க்கு 13 ஆண்டு இடையீடு நேர்ந்தது. திரைப்படமாயின் மீண்டும் காணப்படும். நாள்தோறும் ஒளிபரப்பாகி மறையும் தொடரோ அத்துணை ஆண்டுகளில் மக்கள் நினைவினின்றும் நீங்கிவிடும். பரிசில் தாழ்த்தமையைப் பழம்புலவர் வெகுண்டு பாடினர். ஒளிப்பதிவாளர்க்குப் பாடும் வழக்கம் இல்லை. விழா நிகழ்ந்தது நன்றே. ஆயினும் தொழில் நினைவில் இருக்கும்பொழுதே வழங்குதல் விருதின் இயல்பாதல் வேண்டும்.

8. ஒரு தடையும் விடையும்

மறைந்து நிற்றலே இத்தொழில்களின் பெருமை. நல்ல ஒப்பனை ஒப்பனையெனத் தோன்றாது, நல்ல தொகுப்பு வெட்டியது தெரியாது இருக்கும். அங்ஙனமாக அவரை மேடைக்கு அழைத்து மாலையிடுதல் தொழிலின் இயல்பிற்கு மாறன்றோ எனச் சிலர் தடை நிகழ்த்துவர். இது சொல்லழகு உடையதேயன்றிப் பொருந்துவதன்று. மறைய வேண்டுவது வேலையின் சுவடு. வேலை செய்தான் பெயர் அன்று. தூணின் நிழலை அரங்கினின்று அகற்றியவனை வரலாற்றினின்றும் அகற்றுதல் வேண்டும் என்பது எந்நூற் கருத்தும் அன்று.

9. முடிபுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். திரைக்குப் பின் நிகழும் தொழிலை நுட்பமாக மதிப்பிடும் அளவுகோல் தமிழர்க்குச் சிலப்பதிகாரக் காலத்திலேயே அமைந்திருந்தது. அத்தொழிலார்க்குப் பொருளும் பட்டமும் பெயரும் ஒருங்கே வழங்கும் நிறுவன முறை தஞ்சைச் சோழர் காலத்து அமைந்து, பின்னர்க் கொட்டகை நாடகக் காலத்து அறுந்து, இந்நாளில் விருதென்னும் வடிவில் மீண்டுள்ளது. இம்மூன்று கூறுகளுள் காலத்தை வென்று நிற்பது பெயர்ப்பதிவு ஒன்றே.

இம்மூன்றாம் முடிபு தமிழ்த்துறையினராகிய நமக்குக் கடமை ஒன்றனை உணர்த்துகின்றது. தொடரின் இறுதியில் ஓடும் பெயர்நிரலைத் தாண்டிச் செல்லற்கென்றே இன்று ஒரு பொத்தான் அமைந்துள்ளது. நாம் தாண்டுவது எளிது. நமக்குப்பின் ஆராய வருவோர்க்கு அப்பெயர்களை மீட்டல் எளிதன்று. பரிபாடற் குறிப்பை எழுதிய தொகுப்பாளர் செய்த பணியை இன்று யாரேனும் செய்தல் வேண்டும். நாடகம், திரை, தொலைக்காட்சி ஆகியவற்றை ஆராயும் முதுகலை மாணவர், கதையையும் நடிப்பையும் ஆராய்வதோடு அமையாது, பெயர்நிரல்களையும் விருதுப் பட்டியல்களையும் கல்வெட்டைப் படிக்கும் கண்ணோடு படித்துத் தொகுத்தல் வேண்டும்.

செங்கோட்டை, தென்காசிப் பகுதிகளில் ஊர்த் திருவிழாவிற்கு அச்சிடும் அறிக்கைத் தாளின் அடியில், பந்தல் அமைப்பு இன்னார், ஒலி ஒளி அமைப்பு இன்னார் என்று ஒரு வரி இருப்பதைக் காணலாம். விருதும் பணமுடிப்பும் அவ்வரியில் இல்லை. ஆயினும் அவ்வரியை எழுதும் ஊரார், பரிபாடலைத் தொகுத்தவர் கைக்கொண்ட நெறியை அறியாமலேயே போற்றி வருகின்றனர். ஊரார் மறவாததனைப் பல்கலைக்கழகங்கள் மறத்தல் ஆகாது.